அத்தானின் கார் நடுவழியில் நின்ற வாரம்

என் அக்காவின் கணவரை எங்கள் குடும்பத்தில் பம்பரம் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரைச் சூட்டியவர் எங்கள் அப்பா. அத்தான் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தது சமையலறைக் குழாயில் சொட்டிய நீரை நிறுத்துவதற்காக. தொழில் பிளம்பர், அப்போது மீசை முழுதாக முளைக்காத வயது. குனிந்து குழாயைப் பார்த்தார், மாடிக்கு ஓடித் தொட்டியின் வால்வை மூடினார், இறங்கி வந்தார், ஸ்பானரை வாசலிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து மீண்டும் ஓடினார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"தம்பி, சொட்டற தண்ணியைக்கூடப் பொறுத்துக்குவேன். நீங்க சுத்தற சுத்துல எனக்குத்தான் மயக்கம் வருது" என்றார்.

குழாய் சரியாயிற்று. ஆனால் அடுத்த வாரமே மறுபடி சொட்டத் தொடங்கியது. அதை அக்காதான் வேண்டுமென்றே தளர்த்திவிட்டாள் என்று அத்தான் இன்றுவரை சொல்லிவருகிறார். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று அக்கா மறுக்கிறாள். இரண்டு கூற்றுகளையும் அப்படியே இங்கு பதிகிறேன். அந்தக் குழாய் இன்னும் பல முறை பழுதானதும், இறுதியில் அவர்களுக்குத் திருமணம் நடந்ததும் யாரும் மறுக்காத செய்திகள்.

கசிவு என்பது அத்தானுக்குத் தொழிலைத் தாண்டிய ஒரு பகை. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போவார், திரும்பி வரமாட்டார். தேடிப் போனால் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். "சும்மா ஒரு சொட்டு போயிட்டிருந்துச்சு, மனசு கேக்கலை" என்பார். அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது. குழாய்ப் பசை இருக்கும். சாம்பல் நிறத்தில் ஒன்றும் வெள்ளையாக ஒன்றுமாக இரண்டு உருண்டைகள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து எந்த ஓட்டையில் வைத்தாலும் சிறிது நேரத்தில் கல்லாக இறுகிவிடும். என் மகனின் தண்ணீர்ப் பாட்டில், அக்காவின் செருப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி என்று அந்தப் பசையால் பிழைத்த பொருட்கள் பல.

அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது மிகை. உட்காருவார், ஆனால் ஒரு முழங்கால் மட்டும் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்போல் அலைந்த அந்த மனிதருக்கு, சென்ற ஆண்டு அக்காவின் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தபோது, அலைய ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன்பின் கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாட்கள், பல வாரங்கள் தொடர்ந்து, குறித்த நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவர்கள் ஊரிலிருந்து மருத்துவமனை இருக்கும் நகரத்துக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நான் அந்த நகரத்தில், மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். எனவே இதில் நானும் ஒரு கட்சிக்காரி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. நான் நேரில் காணாதவற்றை அத்தானிடமும் அக்காவிடமும் பட்டறைக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்தே எழுதுகிறேன்.

அத்தானின் கார் பழையது. ஒரு காலத்தில் வெண்மையாக இருந்து, இப்போது திரிந்த பாலின் நிறத்துக்கு வந்துவிட்டது. மேற்கூரையில் குழாய்களைக் கட்டி எடுத்துப் போன தழும்புகள் வரிவரியாக இருக்கும். முன்னிருக்கையின் பெல்ட் தோளைத் தழுவினால் அக்காவுக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. ஆகவே அவள் பின்னிருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வாள். சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்தில் வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. இரண்டாம் வாரத்தின் செவ்வாய்க்கிழமை, ஊர் எல்லையில் இருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ஒரு முறை குலுங்கியது, இரு முறை இருமியது, நின்றுவிட்டது.

சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றது. இன்ஜின் மட்டும் உயிர் பிடிக்கவில்லை. ஆகவே பேட்டரியின் குற்றமில்லை. அத்தான் குதித்து இறங்கினார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழிலின் பாலபாடம். அதன்படி பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். பாதி வழியில் தீர்ந்துபோகக் கூடாதே என்று காலையில்தான் விளிம்புவரை நிரப்பியிருந்தார், அப்படியே இருந்தது. மூடினார். பானெட்டைத் திறந்தார், எதையோ தட்டினார், ஓடி வந்து சாவியைத் திருகினார். சிறிது நேரம் சுழன்றபின் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"தூசி" என்றார். "ஒரு சின்னத் தூசி அடைச்சிருந்திருக்கு. தட்டினேன், போயிடுச்சு."

"எங்க தட்டினீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லா இடத்துலயும்."

அன்று மாலை பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது, இருந்தும் புதிதாக ஒன்றை மாட்டினார். புதன்கிழமை அதே தொட்டியைத் தாண்டியதும் அதே இருமல். இம்முறை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பொறி நீலமாக, திடமாக வந்தது. ஆனால் பிளக்கின் முனை உலர்ந்திருந்தது. ஸ்டார்ட்டரை அத்தனை நேரம் சுழற்றியும் முனை நனையவில்லை என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். தொட்டியில் இருக்கிறது, அடுப்புக்கு வரவில்லை. நடுவில் எங்கோ தகராறு. இதுவரை அவருடைய ஊகம் சரிதான். மறுபடி மூடியைத் திறந்து குச்சி விட்டார், மூடினார், பானெட்டுக்குள் தட்டினார், வண்டி கிளம்பியது.

வியாழக்கிழமை சிகிச்சை முடித்துத் திரும்பியதும் வண்டி பட்டறைக்குப் போயிற்று. பட்டறைக்காரர் அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பள்ளியிலேயே அவருக்கு ஆமை என்று பெயர். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டதால் நடையும் பெயருக்குப் பொருத்தமாகிவிட்டது.

இருவரும் முறையாகத்தான் சோதித்தார்கள். முதலில் குச்சி விட்டுத் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பிலிருந்து, அதைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றினார்கள். பெட்ரோல் விட்டுவிட்டு நன்றாகவே பீய்ச்சியது. கார்புரேட்டரைப் பிரித்துத் துளைகளை ஊதினார்கள். அதிலும் குறையில்லை.

"எல்லாம் நல்லா இருக்கு. அப்புறம் ஏன்டா நிக்குது?" என்றார் அத்தான்.

ஆமை யோசித்தார். அத்தான் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆமை இன்னும் யோசித்தார்.

"சொல்லுடா, பொழுது விடிஞ்சிடும்."

"பம்புக்குள்ள இருக்கற ரப்பர் சவ்வு சூடானா இளகிடும். குளுந்து கிடக்கறப்ப நல்லா அடிக்கும். ஓடி ஓடிச் சூடானா கை விரிச்சுடும். பம்பை மாத்திடலாம்."

ஆமை சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படி ஒரு நோய் பழைய வண்டிகளுக்கு உண்டு. ஆனால் இந்த வண்டிக்கு வந்திருந்த நோய் அது இல்லை. புதுப் பம்போடு வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். "இன்னிக்குப் பறக்கப் போவுது பாரு" என்று அத்தான் பின்னால் திரும்பிச் சொன்னார், சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டி வந்தது, வண்டி நின்றது.

அன்று அவர் பெட்ரோல் மூடிப் பக்கமே போகவில்லை. தொட்டி நிறைந்திருப்பது அவருக்குத் தெரியும், பம்பு புதிது, ஆகவே கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி அதனோடு மல்லுக்கட்டினார். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. ஸ்டார்ட்டர் சுழன்று சுழன்று பேட்டரி களைத்தது. அக்கா பின்னிருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவர் அவ்வப்போது ஓடிவந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்பார், அவள் கையை அசைப்பாள், மறுபடி ஓடுவார். கடைசியில், கார்புரேட்டருக்குள் நேராகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றி, தொட்டியிலிருந்து குழாய் வைத்து எடுப்பதற்காக மூடியைத் திறந்தார். எடுத்து ஊற்றினார். வண்டி கிளம்பியது. ஊற்றியதால்தான் கிளம்பியது என்று நம்பினார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் நேரம் கடந்துவிட்டிருந்தது. இயந்திரம் வேறொருவருக்குப் போய்விட்டது. மாலை மங்கும்வரை காத்திருந்து சிகிச்சை பெற்றாள். அங்கே பொறுப்பிலிருந்த நர்ஸ் அத்தானைப் பார்த்து, "இது பஸ் இல்ல சார், விட்டா அடுத்ததுல ஏறிக்கறதுக்கு. நடுவுல இடைவெளி விழக் கூடாது" என்றாள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் ஆடியது.

வாடகைக் கார் அமர்த்தலாமே என்று படிப்பவர் கேட்கக் கூடும். முதல் வாரத்தில் ஒரு நாள் அத்தானுக்கு வேலை இருந்ததால் அமர்த்தினார்கள். அதில் தொங்கவிட்டிருந்த வாசனைப் புட்டி அக்காவின் குடலைப் புரட்டிவிட்டது. சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவளுக்கு எந்த நெடியும் ஆகவில்லை. அத்தானின் காரிலேயே பெட்ரோல் நெடி வருகிறது என்று குமட்டிக்கொண்டுதான் வந்தாள்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை மாலை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்து, நான்தான் பேச்சை எடுத்தேன். சிகிச்சை முடியும்வரை அக்கா என் வீட்டில் இருக்கட்டும், நடந்தே வந்துவிடலாம், ஓர் அறையை ஒழித்துத் தருகிறேன்.

"நீங்களும் வாங்க அத்தான்" என்றும் சொன்னேன். அவரால் வர முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் ஊரில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக்குக் குழாய் இணைப்பு வேலையை ஒப்புக்கொண்டு, தினமும் சிகிச்சைக்குப் போய்வந்த பின்தான் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எதுக்கு மச்சினிச்சி? வண்டி நாளைக்கே சரியாயிடும்."

"செவ்வாய்க்கிழமையில இருந்து நாளைக்கு நாளைக்குன்னு சொல்றீங்க."

"இவளுக்குப் புது இடத்துல தூக்கம் வராது."

"இப்ப மட்டும் வருதாக்கும்?" என்றாள் அக்கா. "நான் மூச்சு விடறேனான்னு மணிக்கொரு தடவை எந்திரிச்சு மூக்குக்கிட்ட விரல் வைக்கறீங்க. விரல் வச்சா எவளுக்குத் தூக்கம் வரும்?"

அத்தான் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் ஒரு குழாய் ஓடியது. அதன் இணைப்பைக் கையால் தடவிப் பார்த்தார். அக்கா இல்லாத வீட்டில் அவர் எப்படி இருப்பார் என்பதை அவரே நினைத்துப் பார்க்கத் துணியவில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. அக்காவுக்கோ இரண்டு மனம். என் வீட்டில் கிடைக்கும் ஓய்வின்மேல் ஆசை. அவரை விட்டுவிட்டு வரவும் கால் எழவில்லை.

"சரி, இப்படி வச்சுக்குவோம்" என்றாள் அவள். "திங்கக்கிழமை வண்டி நடுவுல நிக்காம வந்து சேர்ந்துச்சுன்னா, தினமும் உங்ககூடத்தான் வருவேன். ஒரு தடவை நின்னாலும் சரி, அன்னையிலேருந்து தங்கச்சி வீடு. அப்புறம் ரெண்டு பேரும் என்கிட்ட வாதாடக் கூடாது."

சனிக்கிழமை காலை அத்தான் தொட்டியை மறுபடி விளிம்புவரை நிரப்பிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். ஆமை அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"பம்பு மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. இனிமே மாத்தாம பாக்கி இருக்கறது நீ ஒருத்தன்தான்டா" என்றார் ஆமை.

"என்னை மாத்தணும்னா உன்கிட்ட ஸ்பேர் கிடையாது. வேலையைப் பாரு."

"பாக்கறேன். ஆனா இன்னிக்கு நான் சொல்றபடி. ஒரு சோதனை முடியற வரைக்கும் அடுத்ததைத் தொடக் கூடாது."

"நான் எப்படா தொட்டேன்?"

"இப்பவே உன் கை பானெட்டுக்குள்ள இருக்கு."

ஆமையின் யோசனை எளியது. ஒரு பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி, பானெட்டுக்குள் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்கு ஒரு ஹோஸ் கொடுத்தார். இப்போது தொட்டிக்கும் பம்புக்கும் வேலையில்லை. இப்படி ஓட்டிப் பார்த்து வண்டி நின்றால் குற்றம் கார்புரேட்டரிலோ இன்ஜினிலோ. நிற்காவிட்டால் அதற்கு முன்பே, தொட்டிப் பக்கம். வண்டி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. அதற்கப்பாலும் ஓடியது. அத்தான் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "பாட்டிலோடவே ஓட்டிட்டுப் போயிடறேன்டா!"

"வழியில தீ பிடிச்சா நேரா ஆஸ்பத்திரியிலயே சேத்துக்குவாங்க, வசதிதான்" என்றார் ஆமை. "திருப்பு வண்டியை."

பட்டறைக்கு வந்து பாட்டிலை எடுத்துவிட்டுப் பழையபடி ஹோஸ்களை மாட்டினார்கள். மறுபடி அதே சாலை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றது. அத்தானின் கை கதவுக்குப் போயிற்று. ஆமை அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா ஓடற?"

"பெட்ரோல் இருக்கான்னு ஒரு தடவை குச்சி விட்டு..."

"காலையில நீயேதானே கழுத்து வரைக்கும் ரொப்பின? அதுக்குள்ள யாரு குடிச்சிட்டான்? நான் இறங்கற வரைக்கும் எதையும் தொடாத."

ஆமை இறங்குவது ஒரு பெரிய காரியம். ஒரு காலை வெளியே வைத்தார், முழங்காலைத் தேய்த்தார், கதவைப் பிடித்து மற்றக் காலை எடுத்தார். அதுவரை அத்தான், ஸ்டீயரிங்கின் பின்னால், கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோல் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஆமை, தன்னால் குனிய முடியாது என்பதால், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸை அத்தானைக் கழற்றச் சொன்னார். அதிலிருந்து பெட்ரோல் கசிகிறதா, வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது நோக்கம்.

அத்தான் கழற்றினார். திறந்த குழாயைக் கண்டால் அதன் வாயில் கட்டைவிரலை வைத்து மூடுவது ஒரு பிளம்பரின் கைக்குத் தானாக வரும் பழக்கம். வைத்தார்.

"டேய்."

"என்ன?"

"விரலை இழுக்குதுடா."

"எது?"

"ஹோஸ். உள்பக்கமா இழுக்குது."

அந்த நிலையில் அவர் அசையாமல் நின்றார் என்று ஆமை சொல்கிறார். பள்ளி நாட்களிலிருந்து தான் கண்ட முதல் அதிசயம் அது என்றும், எங்கே நெஞ்சு வலிதானோ என்று பயந்துவிட்டதாகவும் சொல்கிறார். அத்தானுக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஆயிரம் வீடுகளில் அவர் விரல் அறிந்த இழுப்பு அது. காற்று நுழைய வழியில்லாத தொட்டி அப்படித்தான் இழுக்கும். தண்ணீர் வெளியேறிய இடத்தில் காற்று புகாவிட்டால், மிச்சத் தண்ணீர் இறங்க மறுக்கும். எவ்வளவு நல்ல மோட்டாரும் தோற்கும். அதற்காகத்தானே ஒவ்வொரு மாடித் தொட்டியிலும் ஒரு காற்றுக்குழாய் வைக்கிறார்?

அவர் வண்டியின் பின்பக்கம் போய் மூடியைத் திருகினார். நீளமாக ஓர் 'உஸ்'. மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக, விரல் ரேகை பதிந்த குழாய்ப் பசை.

"இது எவன் வேலை?" என்றார் ஆமை.

"நான்தான்."

"எப்ப?"

"போன ஞாயித்துக்கிழமை. வண்டியில பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னா. பாத்தேன். மூடியில ஓட்டை."

ஆமை வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் சொன்னார். "ஊர்ல இருக்கற தொட்டிக்கெல்லாம் மூக்கு வச்ச மகராசன், சொந்த வண்டியோட மூக்கைப் பிடிச்சு அமுக்கியிருக்க! அதுவும் தும்மித் தும்மிச் சொல்லியிருக்கு, உனக்கு விளங்கலை!"

குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே புகுந்து நோய் தற்காலிகமாகத் தீர்ந்திருக்கிறது. அதனால்தான் பட்டறையில் எந்தச் சோதனையிலும் அது பிடிபடவில்லை. சோதனையின் முதற்படியே மருந்தாகவும் இருந்துவிட்டது. திங்கட்கிழமை பாதித் தொட்டியில் இருந்த காற்றால் வண்டி தப்பித்தது; செவ்வாயிலிருந்து அவர் தினமும் காலையில் விளிம்புவரை நிரப்பியதால் தொட்டிக்குள் மிச்சக் காற்றும் இல்லாமல் போயிற்று. அக்கறை கூடக்கூட வண்டி சீக்கிரம் நின்றது.

ஆமை மெல்லிய கம்பியால் பசையைக் குடைந்து எடுத்தார். பெட்ரோல் நெடியும் அந்தத் துளையால் வரவில்லை. மூடியின் அடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நிரம்பத் ததும்பிய பெட்ரோல் சாலை வளைவுகளில் அந்த வெடிப்பு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது; தொட்டி உள்ளே இழுத்தபோதோ அதே வளையம் மூடியோடு இறுக ஒட்டிக்கொண்டு காற்றை விடவில்லை. புது வளையம் போட்டு, முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த அத்தான் செருப்பைக் கழற்றவில்லை. கூடத்தில் இங்கும் அங்குமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டு முடித்தாள்.

"நீங்க மூடியைத் திறக்கறப்பல்லாம் என் முதுகுக்குப் பின்னால உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு புதன்கிழமையே சொன்னேனே."

"சொல்லவே இல்ல."

"சொன்னேன். நீங்க வண்டியைத் திட்டிட்டு இருந்தீங்க."

இதிலும் இருவர் கூற்றையும் பதிகிறேன்.

"எனக்கு நாத்தம் ஆகலைன்னுதானே அடைச்சீங்க?" என்று அக்கா கேட்டாளாம். அவர் தலையாட்டினார். "நான் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கேன், அதையெல்லாம் ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? இதை மட்டும் கேட்டுட்டீங்க" என்றாள். ஆனால் பேசிய பேச்சை மாற்றவில்லை. "எல்லாம் திங்கக்கிழமை தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்தச் சாலையில் காலையிலிருந்து போய் வந்துகொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் காவலாளி, இவர் எதையோ வேவு பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டு நிறுத்தி விசாரித்தார். ஒவ்வொரு முறை திரும்பியதும் அக்காவிடம் வந்து, "நிக்கலை" என்பார். "வண்டி நிக்கலை சரி, நீங்களாவது ஒரு இடத்துல நில்லுங்க" என்பாள்.

திங்கட்கிழமை நான் அறையை ஒழித்து, படுக்கை விரித்துவிட்டு, மருத்துவமனைக்குச் சீக்கிரமே போனேன். உண்மையைச் சொல்வதானால், வண்டி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில், வேப்பமரத்தின் கீழ், அந்தத் திரிந்த பால்நிறக் கார் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது. சிகிச்சைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

அத்தான் ஸ்டீயரிங்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். பின்னிருக்கையில் அக்கா வாயைச் சிறிது திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பின் அவள் அப்படி உறங்கி நான் பார்க்கவில்லை. வாகனங்களை ஒழுங்குபடுத்தும் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சார், இது டாக்டர் வண்டிக்கான இடம். எடுங்க."

அத்தான் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினார். "அண்ணே, இப்ப எடுத்தா முழிச்சிடுவா" என்று கிசுகிசுத்தார்.

"எனக்கு ரூல்ஸ் இருக்கு சார்."

"தெரியும்ண்ணே. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

காவலாளி குனிந்து பின்னிருக்கையைப் பார்த்தார். "டாக்டர் வந்தா நான் பொறுப்பில்ல" என்று அவரும் கிசுகிசுத்துவிட்டுப் போனார். அத்தானின் முழங்காலை நான் கவனித்தேன். வண்டி அதிரக் கூடாதென்று அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா தானாகவே விழித்தாள். மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டோமா? நடுவுல நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? ஒரு குலுக்கல்கூட இல்ல!" அடக்கிவைத்திருந்த பேச்செல்லாம் அத்தானிடமிருந்து கொட்டியது. "தொட்டியைத் தாண்டினேன், அந்த ஏத்தத்தைத் தாண்டினேன், ரயில்வே கேட்ல நானா நிறுத்தினேன், அது கணக்குல வராது..."

"நான்தான் தூங்கிட்டேனே. நின்னிருந்தா மட்டும் சொல்லவா போறீங்க?"

"சத்தியமா நிக்கலை! மச்சினிச்சி, நீ சொல்லு!"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? நான் இங்கதானே இருந்தேன்" என்றேன். வண்டி நிற்கவில்லை என்பதற்கு அவருடைய வாய்மொழியைத் தவிர வேறு சாட்சி இல்லை. வேண்டுமானால் அந்த ரயில்வே கேட்காரரைக் கூட்டிவருகிறேன் என்று அவர் கதவைத் திறக்கவே போய்விட்டார்.

அக்கா கையை நீட்டினாள். நான் பிடித்து எழுப்பினேன். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அடியே, உன் அறையை எனக்காகப் பூட்டி வைக்காத. நான் இவர்கூடவே போய் வந்துக்கறேன்."

"நின்னுச்சா இல்லையான்னே தெரியலை, அதுக்குள்ள தீர்ப்பா?" என்றேன்.

"நின்னா என்ன, நிக்காட்டி என்ன? வீட்டுல இருந்தா இவர் விரலை வச்சு வச்சு எழுப்பிடறார். உன் வீட்டுக்கு வந்தா, இவர் அங்க என்ன பண்றாரோன்னு நானே முழிச்சுக் கிடப்பேன். வண்டியில மட்டும்தான் இந்த மனுஷனோட ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல மாட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஒரு மணி நேரமாவது நான் தூங்கிக்கறேன்."

அத்தான் பின்னிருக்கையில் கிடந்த தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு, நாங்கள் நடக்கத் தொடங்கியதும், வழியிலிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிப்பதற்காக எங்களுக்கு முன்னால் ஓடினார்.